ஆளில்லாத குதிரையின் நடை

ஒரு கதையின் முடிவை அவர் தன் வாயால் சொல்லி நான் ஒரேயொரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்ல வைத்தவன் நான்தான். அவர் இந்த நகரத்தை விட்டுப் போய்ப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் வின்ரர் தொடங்கி, வீட்டு ஹீற்றர் குழாய் முதன்முதலாகச் சூடேறி ‘டொக், டொக்’ என்று தட்டும்போது, நான் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். குழாய்க்குள் காற்று நிற்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று கட்டடத்துப் பராமரிப்பாளர் இரண்டு தடவை வந்து பார்த்துச் சொல்லிவிட்டார். அவருக்கென்ன தெரியும்.

சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராவது மாடியில் நானும் அம்மாவும் இருந்தோம். பக்கத்துக் கதவு அவருடையது; ஒரு மகளோடு இருந்தார். கசகஸ்தானிலிருந்து வந்த பெண்மணி. அறுபது வயதிருக்கும். அகன்ற முகம், மேடான கன்னங்கள், பூப்போட்ட தலைத்துணி. நடக்கும்போது தரை அவருக்குச் சொந்தமானது போலக் காலை அகட்டி வைத்து நடப்பார். விடிகிறதற்கு முன் டவுன்ரவுணில் ஏதோ உயர்ந்த கட்டடத்தில் ஒஃபிஸ்களைத் துப்புரவாக்கப் போய், மத்தியானம் திரும்பிவிடுவார். நான் பாண் சுடுகிற ஃபாக்டரியில் காலை ஷிஃப்ற் முடித்து மூன்று மணிக்கு வருவேன். ஆகவே எங்களுடைய பழக்கமெல்லாம் பின்னேரங்களில்தான்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அம்மாவுக்கு அந்தப் பெயர் கடைசிவரை வாயில் வரவில்லை. அவருடைய வீட்டுச் சுவரில் ஆட்களின் படம் ஒன்றும் இல்லாமல் ஒரு குதிரையின் படம் மட்டும் மாட்டியிருந்தபடியால், ‘குதிரைக்காரி’ என்று வைத்துவிட்டார். நேரில் ‘பிள்ளை’. அவரும் அம்மாவை ‘அம்மா’ என்றே கூப்பிட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் உடைசல்தான். நடுவில் நான் மொழிபெயர்ப்பேன். நான் இல்லாத நேரத்தில் எப்படிக் கதைத்துக்கொண்டார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். அம்மா அவருக்குக் கொஞ்சம் தமிழும் சொல்லிக் கொடுத்திருந்தார். வாங்கோ, இருங்கோ, காணும், மகன், இப்படிப் பத்துச் சொல் இருக்கும். எங்களுடைய கட்டடத்து லிப்ற் கிழமையில் மூன்று நாள் வேலை செய்யாது. அதனால் அவர் பிழையில்லாமல் சொன்ன முதல் தமிழ்ச் சொல் ‘வராது’. பொத்தானை அமத்திவிட்டு நிற்கிற ஆட்களையெல்லாம் பார்த்து, தலையை ஆட்டி, “வராது, வராது” என்று சொல்லிக்கொண்டு படியில் இறங்கிப் போவார்.

குதிரைப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு டொம்ப்ரா தொங்கியது. நீண்ட கழுத்தும், பேரிக்காய் போன்ற வயிறும், இரண்டே இரண்டு தந்தியும் உள்ள வாத்தியம். விரலால்தான் வாசிப்பார்.

“வீணைக்கே ஏழு தந்தி இருக்கு. உதில ரெண்டை வைச்சுக்கொண்டு என்னத்தை வாசிக்கப் போறா?” என்று அம்மா என்னிடம் கேட்டார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் வாசிப்பதை அவர்கள் மொழியில் ‘குய்’ என்பார்களாம். அதில் பாட்டு இல்லை, சொல்லே கிடையாது. ஆனால் ஒவ்வொரு குய்க்கும் ஒரு கதை இருக்கிறது. ஆர் செய்தது, எந்த மனிதனுக்கு, எந்த மிருகத்துக்கு, என்ன நடந்தபோது என்ற கதையைச் சொல்லிவிட்டுத்தான் வாத்தியத்தைத் தொடவேண்டும். இவரிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. முக்கால்வாசிக் கதையைத்தான் வாயால் சொல்வார். முடிவு நெருங்கும்போது வாயை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிடுவார். மிச்சத்தை டொம்ப்ரா சொல்லும், கேட்டுக்கொள்ளவேண்டும். உங்கள் நாட்டில் எல்லாரும் இப்படித்தானா என்று கேட்டேன். இல்லை, மற்றவர்கள் முழுக் கதையையும் சொல்வார்கள், எங்கள் வீட்டில் மட்டும் இப்படி என்றார். அந்த வீட்டில் சின்ன வயதில் இவர் எத்தனை இரவு நித்திரை இல்லாமல் புரண்டிருப்பார் என்று யோசித்தேன்.

முதல் தடவை அவர் எங்களுக்குச் சொன்ன கதை ஒரு இடையனைப் பற்றியது. பனிப்புயலில் தன் கூடாரத்துக்குள் அடைபட்டுவிட்டான். மடியில் அன்று பிறந்த இரண்டு ஆட்டுக்குட்டிகள். குளிரில் அவை சாகாமல் இருக்க நெருப்பு வேண்டும். விறகு முடிந்தது. கூடாரத்துக் கம்புகளில் இரண்டை எரித்தான். பெட்டியை எரித்தான். சேணத்தை எரித்தான். கடைசியில் எரிப்பதற்கு மிஞ்சியது அவனுடைய டொம்ப்ரா ஒன்றுதான். இந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார். அம்மா ஐந்து நிமிடம் பொறுமையாக இருந்தார்.

“தம்பி, எரிச்சவனோ இல்லையோ எண்டு கேள்.”

நான் கேட்டேன். அவர் வாசிப்பதை நிறுத்தி, டொம்ப்ராவைத் தூக்கி அம்மாவுக்குக் காட்டினார். பிறகு கதையை ஆரம்பத்திலிருந்து, அதே பனிப்புயல், அதே இரண்டு ஆட்டுக்குட்டி என்று, திரும்பச் சொல்லத் தொடங்கினார். நடுவில் பேசினால் தண்டனை அதுதான் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

“உவவுக்குக் கதை சொல்லத் தெரியேல்லை” என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். ஆனால் அன்றிரவு சாப்பிடும்போது, “எரிச்சிருந்தா உந்தக் குய் எங்கால வந்தது? எரிக்கேல்லை. ஆனா குட்டிகள் செத்திருக்கும். அதுதான் கடைசியில அப்பிடி அழுதது” என்று தனக்குத்தானே சொன்னார். எனக்கு அந்த வாசிப்பில் அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஒருமுறை பக்கத்து நூலகத்தில் பல நாட்டு விழா ஒன்று வைத்தார்கள். நான்தான் அவருடைய பெயரைக் கொடுத்தேன். ஒழுங்கு செய்த பெண் நல்லவள்தான், ஆனால் கையில் கடிகாரம். “நேரம் காணாது, கதை வேண்டாம், மியூசிக் மட்டும் போதும்” என்றாள். இவர் டொம்ப்ராவை உறையில் போட்டு, சிப்பை இழுத்து, எல்லாருக்கும் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார். ஸ்ட்ரீற்காரில் வரும்போது நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். கதை சொல்லாமல் வாசிப்பது, ஆரென்று சொல்லாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி, உள்ளே இருப்பவர்கள் பயந்துபோவார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம்கூட இல்லை.

இனி தேத்தண்ணி விஷயத்தைச் சொல்லவேண்டும். அதில்தான் அம்மாவும் அவரும் முதலில் முட்டிக்கொண்டார்கள்.

எங்களைப் போலவே அவர்களும் பால் விட்டுத்தான் குடிப்பார்கள் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அவருடைய வீட்டுக்குப் போனபோது அரைக் கோப்பைதான் ஊற்றித் தந்தார். அம்மா குடித்து முடிக்க மறுபடி அரை, பிறகும் அரை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, “கப்பை நிரப்பித் தந்தா என்ன குறைஞ்சு போமோ? என்ன கஞ்சத்தனம்” என்று முகத்தைச் சுளித்தார். அடுத்த கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்படி உபசரிப்பது என்று காட்டுகிறேன் பார் என்கிற மாதிரி, அம்மா மிகப் பெரிய கோப்பையை எடுத்து, விளிம்பு தட்ட நிரப்பி, இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் அதைப் பார்த்தார். முகம் மாறியது. சூட்டையும் பார்க்காமல் மளமளவென்று குடித்து முடித்து, எழுந்து, கதவைத் திறந்து போய்விட்டார்.

இரண்டு கிழமை வரவில்லை. லிப்றடியில் மறித்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்களிடத்தில் விருந்தாளிக்குக் கோப்பையைக் குறைவாகத்தான் ஊற்றுவார்களாம். குறைவாக ஊற்றினால் இன்னும் இரு, திரும்பத் திரும்ப ஊற்றித் தருகிறேன் என்று அர்த்தம். நிரப்பி ஊற்றினால், குடித்துவிட்டு எழும்பிப் போ என்று அர்த்தம். அதை வந்து அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சிரித்தார். பிறகு, “ஐயோ பாவம், கலைச்செல்லோ விட்டிருக்கிறன்” என்று அழுதார். அன்றைக்கே அவருடைய கதவைத் தட்டிக் கூட்டிவந்து அரைக் கோப்பை ஊற்றினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. எனக்கும் அரைதான். நான் முழுசாகக் கேட்டால், “ஏன், எங்கையாவது போப்போறியோ?” என்பார்.

அம்மாவைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு அண்ணாவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. அண்ணா ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். காணாமல் போனார் என்பதைத் தவிர எங்களுக்கு வேறொன்றும் தெரியாது. அம்மா அவருக்காக இரண்டு விஷயங்களைக் காத்துக்கொண்டிருந்தார். ஒன்று, வீட்டு ரெலிபோன் நம்பர். கடைசியாகக் கோல் எடுத்தபோது அண்ணாவிடம் இருந்த நம்பர் அது. அதனால் நம்பரும் மாறக்கூடாது, வீடும் மாறக்கூடாது. என்னோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் மார்க்கம், ஏஜாக்ஸ் என்று புறநகர்களில் வீடு வாங்கிக்கொண்டு போனபோதும் நாங்கள் அந்தப் பதினோராவது மாடியிலேயே இருந்தோம். மற்றது என்னுடைய கல்யாணம். பேச்சு வரும்போதெல்லாம் அம்மா, “மூத்தவன் இருக்க இளையவனுக்கு எப்பிடி? அவன் வரட்டும்” என்பார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பேச்சுக் கொண்டுவந்த ஆட்களும் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் ஸ்காபரோவில் தெரிந்த ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே புதிதாக வந்த ஒரு மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே கூட்டிக்கொண்டு போய் அண்ணாவின் பெயரைச் சொன்னார். முன்பல் பாதி உடைந்திருக்கும், இடது காதில் மச்சம் என்றார். இரண்டும் சரி. கடலோரத்தில் ஒரே பங்கருக்குள் நான்கு நாள் இருந்தார்களாம். ஐந்தாம் நாள் தண்ணீர் எடுக்கப் போன அண்ணா திரும்பவில்லை. இவர் போய்ப் பார்த்து, இவரே தாட்டிருக்கிறார். “என்ரை கையாலதான் மண் போட்டனான் தம்பி” என்று இரண்டு கையையும் எனக்கு முன்னால் விரித்துக் காட்டினார். அந்தக் கைகளை இப்போதும் எனக்கு வரைந்து காட்டமுடியும்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம், பிரஷர் குறையட்டும், திருவிழா போகட்டும், வின்ரர் போகட்டும் என்று மூன்று வருடம் போனது. ரெலிபோன் அடிக்கும்போதெல்லாம் அம்மா ஓடி வருவார். அவர் எடுத்து “ஹலோ” என்று சொல்லுமுன் விடுகிற அந்த ஒரு மூச்சு இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு நான் ரீவி பார்த்தேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல இது போதும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் முதலில் சொன்னேன். கீழே லோண்ட்ரி அறையில் இரண்டு மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன, எங்கள் இருவரைத் தவிர ஆருமில்லை. அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்து, மடித்த துணியைக் கூடைக்குள் வைத்தார். பிறகு, வா என்று மேலே கூட்டிக்கொண்டு போய், குதிரைப் படத்தைக் காட்டினார்.

அது அவருடைய கணவரின் குதிரை. கணவர் பனிக்காலத்தில் மந்தையைத் திருப்பப் போய், ஆற்றில் ஐஸ் உடைந்து மூழ்கிப் போனவர். குதிரை மட்டும் திரும்பியிருந்தது. அவர்களிடத்தில் சாவுச் செய்தியை நேரே முகத்தில் போட்டு உடைப்பதில்லையாம். பெரியவர்கள் வந்து உட்கார்ந்து, சுற்றிவளைத்து, பாட்டாகச் சொல்வார்கள். சில இடங்களில் டொம்ப்ரா சொல்லும். அன்றைக்குக் கணவரின் சிநேகிதர் வந்தார். இவர் கம்பளி கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து வாசித்தார்.

டொம்ப்ராவை எடுத்து அதை எனக்கு வாசித்துக் காட்டினார். முதலில் குதிரை போகிறது. கனமான நடை, ஒரே சீர். ஆள் இருக்கிற குதிரை இப்படித்தான் போகும் என்றார். பிறகு அதே குதிரை தூரத்தில் திரும்பி வருகிறது. நடை இலேசாகிவிட்டது. அந்த நடைக்கு நடுவில், தந்தியைத் தொடாமல், வாத்தியத்தின் வயிற்றில் ஒரு விரலால் ‘டொக்’ என்று தட்டினார். நாலு அடிக்கு ஒரு டொக். சேணத்தில் கால் வைக்கிற இரும்பு வளையம் அது. கால் இல்லாதபோது அது சும்மா ஆடி ஆடிக் குதிரையின் வயிற்றில் தட்டும். கை கம்பளித் தண்ணீருக்குள் இருக்க, அந்த டொக்கைக் கேட்டுத்தான் எல்லாம் விளங்கியது என்றார்.

“வந்தவர் வாயால் சொல்லாமல் விட்டது பெரிய புண்ணியம்” என்றார் அவர். “சொல்லியிருந்தால் சாகும்வரை எனக்கு அந்த வாய் தெரிந்துகொண்டே இருக்கும். இப்போது எனக்கு ஒரு டொம்ப்ரா மட்டும்தான் கேட்கிறது.”

அப்போதே எனக்கு அந்தக் கெட்ட யோசனை வந்துவிட்டது. நீங்கள் அம்மாவுக்கு இதை வாசியுங்கள் அன்ரி என்றேன். அவர் மாட்டேன் என்றார். நான் விடவில்லை. இரண்டு மாதம் நச்சரித்திருப்பேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். கதையை நான் சொல்லவேண்டும். அண்ணாவின் கதையை, தமிழில், சின்ன வயது முதல் கடைசி இடம்வரை. அந்தக் கடைசி இடத்தில் நான் நிறுத்தலாம். அங்கிருந்து அவர் வாசிப்பார். ஆனால் அம்மாவுக்கு விளங்கவில்லை என்றால், மிச்சத்தை நான் வாயால் சொல்லவேண்டும். “சொல்வாயா?” என்று கேட்டார். சொல்வேன் என்றேன். சத்தியம் வேண்டாம், சொன்னாலே போதும் என்றார்.

பின்னால் நடந்ததை முதலே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல என்னால் ஏலாது. அடுத்த வசந்தத்தில் அவருடைய மகள் வேறொரு நகரத்தில் வேலை கிடைத்து அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது நான் வேலையில் இருந்தேன். அம்மா அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தார். அண்ணாவுக்குச் செய்யவேண்டிய கிரியைகளைச் செய்தோம். அம்மா எனக்குச் சமைத்தார், என்னோடு கதைத்தார், காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். ஆனால் கல்யாணப் பேச்சையும் எடுக்கவில்லை, அந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அந்த வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். ரெலிபோன் நம்பர் அதேதான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டு முடிந்திருந்தது. லிப்ற் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. அவர் டொம்ப்ராவோடு வந்து சோபாவின் நுனியில் இருந்தார். நல்ல உடுப்பு உடுத்திருந்தார்.

“இண்டைக்கு நான்தான் கதை சொல்லப்போறன் அம்மா” என்றேன்.

“நீயோ?” அம்மா சிரித்தார். “சொல்லு பாப்பம்.”

அண்ணா எட்டு வயதில் ஐயாவின் பெரிய சைக்கிளில், பாருக்குள்ளால் காலை விட்டுப் பழகிய கதையிலிருந்து தொடங்கினேன். அம்மா இடையில் புகுந்து திருத்தினார், எட்டு இல்லை ஏழு என்றார். மதகில் விழுந்து முன்பல் உடைந்தது, வீட்டுக்கு வரப் பயந்து கோயில் தேருக்குப் பின்னால் ஒளித்திருந்தது எல்லாம் வந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்து எத்தனையோ வருடம். சண்டைக்கு வந்தேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடலோரம் போனதைச் சொன்னேன். ஒரு மனிதரோடு ஒரு பங்கருக்குள் இருந்ததைச் சொன்னேன்.

“ஆர் அந்த மனுசன்? உனக்கெப்பிடித் தெரியும்?” அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அண்ணா தண்ணி எடுக்கப் போனவராம் அம்மா...” என்றேன். அவ்வளவுதான். அவரைப் பார்த்தேன்.

அவர் வாசிக்கத் தொடங்கினார். குதிரை போனது. கனமான, சீரான நடை. அறைக்குள் அந்த நடையைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு நீண்ட நேரம் காற்று மட்டும். பிறகு தூரத்தில் அது திரும்பி வரத் தொடங்கியது, இலேசாக. டொக். அம்மா தலையைச் சரித்துக் கேட்டார். டொக். கண்ணை மூடினார். டொக். விளங்கிவிட்டது, இனி நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை என்று என் நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா கண்ணைத் திறந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“தட்டுறான்” என்றார். “வந்திட்டான்.”

எழுந்து, முழங்கால் நோவையும் பாராமல் விறுவிறென்று போய், வீட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டு, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே அந்த நீண்ட கொரிடோரும் வரிசையாக மூடிய கதவுகளும்தான். அம்மா அதைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார்.

டொம்ப்ரா நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். இது என்னுடைய முறை. நான் வாயைத் திறந்தேன். திறந்து, “அம்மா, தேத்தண்ணி போடட்டோ?” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு டொம்ப்ராவைச் சோபாவில் கிடத்திவிட்டு எழுந்துபோய், அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். அவருக்குத் தெரிந்த பத்துச் சொல்லில் இரண்டை எடுத்தார்.

“மகன்” என்றார். “வராது.”

அம்மா அவருடைய வாயையே பார்த்தார். அவர் மறுபடி, மெதுவாக, ஒரு முறை சொன்னார். “மகன் வராது அம்மா.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“எப்ப தொட்டு?”

“மூண்டு வரியம்.”

அம்மா கதவைச் சாத்தினார். அழவில்லை. குசினிக்குள் போனார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கொதித்தது. நாங்கள் இரண்டு பேரும் இருந்த இடத்தில் அசையாமல் இருந்தோம். அவர் தன் வாயைக் கையால் மூடியிருந்தார். மூடிய கையை எடுக்கவே இல்லை.

அம்மா தட்டில் மூன்று கோப்பைகளோடு வந்தார். கேத்தலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முதலில் அவருக்கு ஊற்றினார். அரைக் கோப்பை. “குடி பிள்ளை. இரு” என்றார். பிறகு தனக்கு. அதுவும் அரை. பிறகு என்னுடைய கோப்பையை எடுத்தார். பாதிக்கு வந்தது. அம்மா நிறுத்தவில்லை. முக்காலுக்கு வந்தது. விளிம்பைத் தொட்டது, வழிந்து தட்டில் பரவியது. அதை இரண்டு கையாலும் தூக்கி எனக்கு முன்னால் வைத்தார்.

சூட்டையும் பார்க்காமல் குடித்து முடித்தேன். எழுந்து ஜக்கற்றில் ஒரு கையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பதினொரு மாடி. படியில் இறங்கினேன். மற்றக் கை மாட்டாமல் தொங்கிய ஜக்கற்றின் சிப், கீழே போய்ச் சேரும்வரை, படியின் இரும்புக் கம்பியில் டொக், டொக் என்று தட்டிக்கொண்டே வந்தது.